கட்டிலுக்கடியில் கொட்டும் மாவு

ஓட்டை விழுந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த விஷயத்தில் பல் வைத்தியருக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கண்டியில் பூச்சி மருந்தடிக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நான் பார்த்துச் சொல்பவள். வீட்டுக்குப் போய், கட்டில், அலுமாரி, ஜன்னல் நிலை என்று எல்லாவற்றையும் தட்டி, டோர்ச் அடித்து, உள்ளே யார் குடியிருக்கிறார் என்று சொல்வது என் வேலை. குடியிருப்பவரைக் காலி பண்ண வைப்பது நிஸ்தார் நானாவின் வேலை. திகனைக்காரர்; அங்கே முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். மருந்தை அளந்து ஊற்றுவார், பேச்சை அளக்கமாட்டார்.

கறையான் என்றால் சுவரில் மண் ரோடு போட்டுக்கொண்டு ஊரறிய வரும். எங்களை அதிகம் ஓட வைப்பது அதுவல்ல, மரவண்டு. சீரகம் அளவுதான் இருக்கும். சிங்களத்தில் ‘குல்லா’ என்பார்கள், எங்கள் வீட்டில் உளுப்பூச்சி என்போம். இதை வாசிக்கிற நீங்களும் ஒருநாள் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது வெள்ளை மாவைக் கண்டு, “யார் இங்க கொட்டினது?” என்று வீட்டில் உள்ள அப்பாவி யாரையாவது திட்டியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். உங்களைப் போன்றவர்களால்தான் எனக்குச் சோறு.

பவுடர் பழி

பேராதனையில் ஒரு வீடு. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஐயா, படுக்கையறை அலுமாரியின் காலடியில் தினமும் மாவு கிடக்கிறது என்று அழைத்திருந்தார். பூச்சி என்று நம்பி அவர் அழைக்கவில்லை. பூச்சி இல்லை என்று நான் சொல்ல வேண்டும், அதை மனைவிக்கு முன்னால் சொல்ல வேண்டும், அதற்காகவே கூப்பிட்டிருந்தார். “இவ கண்ணாடிக்கு முன்னால நிண்டு பவுடர் போடேக்க பாதி நிலத்துக்குத்தான். சொன்னால் கோவம் வருது. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பிள்ளை” என்றார்.

நான் மாவை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். மணமே இல்லை. அலுமாரியின் பின்பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். “ஐயா, இது பவுடர் இல்லை, உங்கட அலுமாரிதான்” என்று விளக்கினேன். மரத்துக்குள் வெள்ளைப் புழு இருக்கிறது. மரத்தில் உள்ள மாச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. தின்றதுபோக மிச்சத்தை அரைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே முன்னால் போகும். வளர்ந்து வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வரும்போது அந்த மாவும் கொட்டும். ஐயா மாவை முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பி, “நான் உன்ர பவுடர் எண்டெல்லோ நினைச்சன்” என்றார்.

அதுவரை வாசலில் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்ற அம்மா என்னிடம் சொன்னார்: “கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்த மனுசன் என்ர முகத்தைப் பாத்த வடிவு அவ்வளவுதான் பிள்ளை. நான் பவுடரே போடுறேல்லை.”

பூட்டு

கட்டுகஸ்தோட்டையில் ஆணி, கொண்டி, பூட்டு விற்கிற கடை வைத்திருக்கும் சிவலிங்கம் அண்ணன் நல்ல உழைப்பாளி. சாப்பாட்டு மேசையில் ஓட்டை கண்ட அன்றே வேலையில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் மெழுகு உருக்கி ஊற்றி, மேலே பசை பூசி, அதற்கும் மேலே பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார். பூச்சி உள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் புதிது புதிதாக ஓட்டை வந்துகொண்டே இருந்தது. அவரும் விடவில்லை. நான் போனபோது மேசைக்கு அம்மை போட்டு இறங்கின மாதிரி இருந்தது.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அண்ணே, ஓட்டை என்பது பூச்சி உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. உள்ளே போகும்போது அது முட்டை, கண்ணுக்கே தெரியாது. தாய் வண்டு மரத்தின் மெல்லிய துவாரத்துக்குள் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். ஓட்டை போட்டவர் அந்த ஓட்டை வழியாகவே பறந்து போய்விட்டார். இனிமேல் வரப்போகிறவர்கள் வேறு இடத்தில் வேறு ஓட்டை போடுவார்கள். ஓட்டை இல்லாத பலகைக்குள்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

சிவலிங்கம் அண்ணன் மெழுகு அடைத்த ஓட்டை ஒன்றை நகத்தால் சுரண்டினார். “அப்ப நான் இவ்வளவு நாளா, ஆளு காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கா பூட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன்?”

அந்தப் பூச்சி

இது என் மூக்குடைந்த கதை. நகரத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற ஒரு கடை. எலித் தொல்லை என்று போயிருந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். மூலையில் இருந்த ஒரு மரப்பெட்டியைப் பார்த்ததும் கை ஊறியது. மூடி முழுக்க ஓட்டை. டோர்ச் அடித்துப் பார்த்து, “ஐயோ, இதைக் கடைக்குள்ள வைக்கவே கூடாது. மற்றச் சாமான் எல்லாத்துக்கும் பரவிரும், உடனே வெளியே எடுங்க” என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் அந்தப் பெட்டியைத் தடவித் தடவி ரசித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது கடைக்காரரின் அதிர்ஷ்டம்.

கடைக்காரர் ஓடி வந்து என்னைத் தள்ளிக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போனார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாவு ஒரு சிட்டிகைகூட இல்லை. எல்லா ஓட்டையும் ஒரே அளவு. ஒவ்வொன்றும் நேராக இறங்கியிருந்தது. எந்தப் புழுவும் அப்படி நேராகப் போகாது; ருசி உள்ள பக்கம் பார்த்து வளைந்து நெளிந்துதான் போகும். சிங்களம் கலந்த தமிழில் அவர் என் காதருகே சொன்னார்: “சத்தம் போட வேணாம் மிஸ். பழசு மாதிரித் தெரியத்தான். அந்தப் பூச்சி நான்தான்.”

பலா

குண்டசாலையில் புது வீடு கட்டிய ஒரு ஐயா, கதவு நிலை எல்லாம் பலா என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். பலாவில் பூச்சி பிடிக்காது என்பது அவர் நம்பிக்கை. அதில் பாதி சரி. பலாவின் வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியை மரவண்டு தொடாது. ஓரத்து வெள்ளையில்தான் அதற்குத் தேவையான மாச்சத்து இருக்கிறது. தாய் வண்டு முட்டை இடுமுன் மரத்தைக் கொஞ்சம் கடித்து ருசி பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் தெரிவு செய்யும் என்றால் பாருங்கள். அந்தக் கதவு நிலையிலும் வெள்ளை ஓரம் முழுக்க மாவாகி, மஞ்சள் தொடங்கிய இடத்தில் எல்லைக் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது.

ஐயா தச்சரைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். வெள்ளையை ஏன் வெட்டி எறியவில்லை என்பது கேள்வி. பியதாஸ என்ற அந்தத் தச்சர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்: “இறைச்சி வாங்கினா கொழுப்பும் வரும்தானே மாத்தயா.”

கல்யாணச் சாவு

அம்பிட்டியவில் ஒரு டீச்சரம்மா. சுத்த சைவம், எறும்பு வரிசை போனால் நின்று வழிவிட்டுப் போகிறவர். அவருடைய சாப்பாட்டு மேசைக் கதிரைகள் ரப்பர் மரம், பொலிஷ் போடாதது. மரவண்டுக்குக் கல்யாண விருந்து மாதிரி. எல்லாவற்றையும் பார்த்துச் சொன்ன பிறகு, “கொல்லாம வெளியேத்த முடியாதா?” என்று கேட்டார். நிஸ்தார் நானா தொண்டையைச் செருமினார். நான் அவரைப் பார்க்காமல் விளக்கம் சொன்னேன். அது வாழ்க்கையில் பெரும் பகுதியைப் புழுவாக இருட்டுக்குள்ளேயே கழிக்கிறது. பலகையின் மேற்பரப்புக்குக் கிட்ட வந்து கூட்டுப்புழுவாகத் தூங்கும். வண்டாகி வெளியே வந்த பிறகு சில வாரம்தான் உயிர். அதற்குள் சோடி தேட வேண்டும், முட்டை இட வேண்டும்.

டீச்சரம்மாவின் கண் கலங்கிவிட்டது. “அப்ப அது வெளிய வர்றதே கல்யாணம் பண்ணத்தானா? அந்த நேரத்துல போயி மருந்தடிக்கச் சொல்றீங்களேம்மா!” என்றார். என்ன சொல்லியும் மனம் மாறவில்லை. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். கதிரைகளை மேல், கீழ், பொருத்து என்று ஒரு இடம் விடாமல் வார்னிஷ் பூசிவிடலாம். உள்ளே இருப்பது தன் நேரம் வரும்போது வார்னிஷைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் துவாரம் எல்லாம் அடைபட்ட பலகையில் திரும்ப முட்டை இட முடியாது. மெல்ல மெல்ல வம்சம் அந்தக் கதிரையை விட்டுப் போய்விடும். கொஞ்சம் கதிரையும் போகும், பரவாயில்லையா? அவருக்குப் பரம சந்தோஷம். பொழுது சாயும்போது அதுகள் வெளிச்சத்தைத் தேடிப் பறக்கும் என்று என்னிடம் கேட்டறிந்து, பின்னேரத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதாகவும் சொன்னார்.

வாகனத்தில் ஏறியதும் நிஸ்தார் நானா பின்னால் திரும்பி அந்தத் திறந்த ஜன்னலையும், அதற்கு நேரே இருந்த அடுத்த வீட்டையும் பார்த்தார். “தங்கச்சி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்கட போன் நம்பரையும் வாங்கி வெச்சிக்கோங்க.”

ஒற்றுமை

திகனையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள். ஒன்று பாரூக் ஹாஜியாரின் அரிசிக் கடை. மற்றது பண்டார மாத்தயாவின் தளபாடக் கடை. இருவர் ஜன்னல் விளிம்பிலும் கபில நிறத்தில் குட்டி வண்டுகள் செத்துக் கிடந்தன. ‘அவருடைய மரத்திலிருந்து என் அரிசிக்கு வருகிறது’ என்று ஹாஜியார் எங்களுக்குப் போன் பண்ணினார். அவர் போனை வைத்த சூட்டோடு, ‘அவருடைய அரிசியிலிருந்து என் மரத்துக்கு வருகிறது’ என்று மாத்தயாவும் போன் பண்ணினார். பல காலமாக ஒரே சுவரில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள், இப்போது முகம் பார்ப்பதில்லையாம். திகனை நிஸ்தார் நானாவின் ஊர்; ஒரு தடவை இனக் கலவரத்தில் கடைகள் எரிந்த ஊர். வழி முழுக்கக் கதை சொல்லி வருகிறவர் அன்று, “இப்பிடிச் சின்னதுலதான் தொடங்குது தங்கச்சி. இத இன்டைக்கே முடிச்சிட்டுப் போவோம்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு கடையிலும் வண்டுகளைப் பொறுக்கி, இரண்டு வெள்ளைக் கடதாசியில் போட்டு, இரண்டு முதலாளிகளையும் நடைபாதைக்கு அழைத்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அரிசி வண்டுக்கு முகத்தில் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதால் அரிசியைத் துளைத்து உள்ளே முட்டை இடும். மரவண்டுக்குத் தும்பிக்கை கிடையாது. ஹாஜியாரின் கடதாசியில் எல்லாம் தும்பிக்கைக்காரர். மாத்தயாவின் கடதாசியில் ஒருவருக்கும் இல்லை. அது இதைத் தின்னாது, இது அதைத் தின்னாது. ஆளுக்கு ஆள் சொந்தப் பூச்சி.

மாத்தயா சிரித்துவிட்டார். ஹாஜியார் இன்னும் கண்ணாடியை விடாமல் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது மாத்தயாவின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “அவர்ட பூச்சி ஏன்ட அரிசியத் தொடல்ல, ஏன்ட பூச்சி அவர்ட மரத்தத் தொடல்ல. எங்கள விட அதுகள் நல்ல ஒத்துமையாத்தான் ஈக்கிது.”

புதுக் கட்டில்

பல்லேகலையில் ஒரு வீடு. கூப்பிட்டவர் புஷ்பராணி அக்கா, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சுப்பர்வைசர். நூறு பேரை வேலை வாங்குகிற குரல். சில மாதங்களுக்கு முன் மகன் தினேஷுக்குக் கல்யாணம். மருமகள் கவிதாவுக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த கட்டிலில்தான் பிரச்சினை. மகன் வேலைக்கு நேரத்தோடு போன ஒரு நாள், படுக்கை விரிப்பு மாற்ற அறைக்குள் போன அக்கா, கட்டிலுக்கடியில் குட்டிக் குட்டியாக மாவுக் குவியலைக் கண்டுவிட்டார்.

“தங்கச்சி, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இந்தப் பூச்சி கட்டிலோட வந்ததா, இல்ல எங்க வீட்டுல இருந்து ஏறுனதா? நீங்க சொல்றதுதான் தீர்ப்பு” என்றார். தினேஷ் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் புகுந்தேன். உதவிக்கு டோர்ச் பிடிக்க வந்த கவிதா என் பக்கத்தில் குந்தி, உதடு அசையாமல் சொன்னாள்: “அக்கா, வீட்டுல இருந்து வந்ததுதான்னு சொல்லிருங்க. எங்கப்பா பாவம், பாத்துப் பாத்துச் செஞ்சாரு.”

எனக்கு அங்கேயே படுத்துக் கிடக்கலாம் போலிருந்தது. ஏனென்றால் ஓட்டைகள் பொய் சொல்லவில்லை. எல்லாம் பளபளப்பான பொலிஷை உள்ளேயிருந்து உடைத்துக்கொண்டு வந்தவை. பொலிஷ் போட்ட பலகையில் முட்டை இட முடியாது. ஆகவே பொலிஷ் போடுவதற்கு முன்பே, பலகை அறுத்துக் கிடந்த காலத்திலேயே, புழு உள்ளே போய்விட்டது. வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் கவிதா தப்பித்துக்கொள்வாள். ஆனால் கட்டிலை விட்டுவிட்டு ஜன்னல், கூரை என்று வீடு முழுக்க மருந்தடிக்கச் சொல்வார்கள். அடுத்த மாதம் கட்டிலில் புது ஓட்டை வரும். வெளியே வந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன். “கட்டிலோட வந்ததுதான் அக்கா. ஆனா இது வாங்குனவங்க தப்பில்ல. பலகைக்குள்ள புழு இருக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது. கட்டிலைக் கழற்றி மருந்து ஏற்றுனா காப்பாத்திரலாம்.”

என் சமாதானம் யார் காதிலும் ஏறவில்லை. புஷ்பராணி அக்கா மருமகளைப் பார்த்து, “ஒங்கப்பாவுக்கு இதுதான் கெடைச்சுதா?” என்றார். கவிதாவின் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை. டோர்ச்சை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். “அத்தை, எங்கப்பா பாத்து வச்சது தேக்குக் கட்டிலு. நாலு பேரு சேந்துதான் தூக்கணும். அது பழைய மாடல்னு சொல்லி, கடைக்குக் கூட்டிட்டுப் போயி இந்தப் பூப்போட்ட கட்டிலுதான் வேணும்னு நின்னது ஒங்க மகன். ஒங்கக்கிட்டச் சொல்ல வேணாம்னும் அவருதான் சொன்னாரு.”

எல்லோரும் தினேஷைப் பார்த்தோம். அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான், மறுபடி எடுத்தான், மறுபடி போட்டான். “தெரிஞ்சா திட்டுவீங்கன்னுதான்மா... நானே தெனமும் கூட்டி அள்ளிட்டேன்” என்றான். புஷ்பராணி அக்கா மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார்: “பொறந்ததுலேருந்து வெளக்கமாத்தத் தொடாத பய, கல்யாணம் முடிஞ்சதும் காலங்காத்தால ரூமக் கூட்டுறானேன்னு, நான் பேக்டரி முழுக்கப் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன் தங்கச்சி!”

யாரும் கூப்பிடாத வேலை

இந்தத் தொழிலால் வந்த ஒரு வியாதி எனக்கு உண்டு. மரத்தைக் கண்டால் கை தானாகத் தட்டும். கல்யாண வீட்டில் மணவறைத் தூணைத் தட்டியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ராமையா அண்ணன் இறந்தபோதும் அதுதான் நடந்தது. கடையில் எந்நேரமும் பத்துப் பேர் சூழ இருந்த மனிதர். செத்த வீட்டிலும் அப்படியே கூட்டம். சவப்பெட்டிக்குக் கிட்ட எனக்கு இடம் கிடைத்தது. குனிந்தபோது, பெட்டி வைத்திருந்த வாங்குப் பலகையில் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு சிட்டிகை மாவு. பெட்டி லேசான வெள்ளை மரம். நான் நினைப்பதற்குள் விரல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

ஒப்பாரி நின்றுபோனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. என் தொழில் என்னவென்று தெரிந்த அவர் தங்கச்சி பாக்கியம் அக்கா, அழுது வீங்கின முகத்தோடு என் பக்கம் சாய்ந்து, “உள்ள பூச்சி இருக்கா?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. “ஒண்ணு ரெண்டு இருக்கும்க்கா” என்றேன்.

பாக்கியம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். துணியில் கிடந்த மாவைக் கையால் மெல்லத் தட்டிவிட்டார். “இருந்துட்டுப் போகட்டும்மா. எங்கண்ணனுக்கு ஒத்தையில இருக்கவே புடிக்காது.”

மரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன், அந்த மரத்துக்குச் சொந்தக்காரர் வாயிலிருந்து என்ன வரும் என்பதற்கு மட்டும் எங்கள் தொழிலில் இன்னும் முன்னெச்சரிக்கை மருந்து இல்லை.